தர்மபுரியில் ஒரு கடல் சாமந்தி: கை கொடுத்தவர்களுக்கு நன்றி

வீட்டில் நான் வைத்திருக்கும் கடல்நீர் மீன்தொட்டிக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது பெண் இறாலின் அடிவயிற்றில் முட்டைக் கொத்து தெரிந்தது. கண்ணாடி மாதிரி உடம்பு, வாலில் கறுப்பு வளையமிட்ட ஆரஞ்சுப் பொட்டுகள், அதன் கீழே ரவை ரவையாக முட்டைகள். உடனே உங்கள் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

சாமந்திப்பூ விளைகிற மாவட்டம் இது. இங்கே குமாரசாமிப்பேட்டையில், மூன்றடித் தொட்டியில், சுமார் 180 லிட்டர் உப்புநீரில் ஒரு கடல் சாமந்தி ஒன்றரை வருடமாக விரிந்திருக்கிறது. பூ மாதிரி இருந்தாலும் அது ஒரு கடல் உயிர். கடைக்காரர்கள் கார்ப்பெட் அனிமோன் என்பார்கள். முட்டை வைத்த இறால் குடியிருப்பது அதன் மேல்தான். கடலைப் பார்க்கவே பாதி நாள் பயணம் போகவேண்டிய ஊரில் இது தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை.

முதல் நன்றி தண்ணீர் கேன் போடும் அண்ணனுக்கு. நம் ஊர் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஃபுளோரைடுக்குப் பயந்துதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்கிற கேன் தண்ணீரிலும் ருசிக்காகக் கொஞ்சம் போர் தண்ணீர் கலப்பார்கள். அண்ணன் அதைக் கலப்பதற்கு முன்பே, ஆர்.ஓ. இயந்திரத்தின் வடிகட்டும் சவ்விலிருந்து வரும் தண்ணீரை எனக்கென்று தனியாகப் பிடித்துத் தருகிறார். 20 லிட்டர் கேனுக்குக் கடல் உப்புக் கலவை முக்கால் கிலோ. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று வற்றும். தண்ணீர் போகும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் ஈடுகட்ட ஊற்றுவது உப்பில்லாத தண்ணீர்தான். அந்த வெயில் காலம் முழுக்க அண்ணன் ஒரு நாள் கூடத் தவறவில்லை.

அடுத்து, சென்னை கொளத்தூரில் மீன் விற்கும் ஐயா. கையில் பணத்தோடு போன என்னைத் திருப்பி அனுப்பினாரே, அதற்குத்தான் நன்றி. "தொட்டி வெச்சு ரெண்டு மாசம்தானே ஆச்சு? தண்ணி இன்னும் பழுக்கல தம்பி. ஆறு மாசம் கழிச்சு வா, அனிமோன் எங்கயும் ஓடிடாது" என்றார். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற ஒன்றரை மாதம் போதும். ஆனால் அனிமோனுக்கு அதன் பிறகும் பல மாதம் நிலையாக இருக்கும் தண்ணீர் வேண்டும். அன்றே விற்றிருந்தால் அவருக்கு லாபம், அந்த உயிர் போயிருக்கும். உயிருள்ள பவளத்துண்டு கேட்டபோதும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லி, காய்ந்த பாறையைத்தான் கொடுத்தார்.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் தம்பி, உனக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது ஒரு கடையில் கொடுத்த மருந்தை ஊற்றினேன். மறுநாள் காலை என் முதல் இரண்டு இறால்களும் கவிழ்ந்து கிடந்தன. அந்தக் காலையை இன்னும் மறக்க முடியவில்லை. பாட்டில் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாய். "அண்ணா, இதுல காப்பர் இருக்கு. மீன் தாங்கும், இறாலும் அனிமோனும் தாங்காது" என்றாய். பாறையும் மணலும் காப்பரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொல்லி எல்லாவற்றையும் மாற்ற வைத்தாய். பரீட்சை நேரத்தில் கூட இரவு பதினொரு மணிக்குப் பேசினாய்.

எதிர்வீட்டுத் தையல் அக்காவுக்கும் ஒரு பெரிய நன்றி. அனிமோன் ஒரே இடத்தில் இருக்காது, பிடிக்காவிட்டால் நகர்ந்துவிடும். ஒரு நாள் அது தொட்டியில் அலை எழுப்பும் மோட்டாரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இழுக்கப்பட்டால் அது கிழிவதோடு போகாது, மொத்தத் தண்ணீரும் விஷமாகிவிடும். அக்கா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு, மோட்டார்மேல் ஸ்பாஞ்சைச் சுற்றி, அதற்கு நைலான் வலையில் உறை தைத்துக் கொடுத்தார். அந்த உறை இன்னும் மோட்டாரில்தான் இருக்கிறது. அப்புறம், மழையில் ஆறு மணி நேரம் கரண்ட் போன ராத்திரியில் பைக் பேட்டரியில் காற்று மோட்டாரை ஓட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் நன்றி.

புது இறால் ஜோடியைக் கொண்டுவந்த நாளை மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். பைத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இறக்கினேன். பெண் இறால் நேராக அனிமோன் மேல் போய் உட்காரவில்லை. ஓரத்தில் நின்று ஒற்றைக் காலால் அனிமோனின் விரல் போன்ற உணர்கொம்பு ஒன்றைத் தொட்டது, வெடுக்கென்று பின்வாங்கியது. மறுபடி தொட்டது. மீனைக் குத்தி மரக்கவைக்கும் விரல்கள் அவை. பொழுது சாய்வதற்குள் அதன் நடுவிலேயே ஆடிக்கொண்டு நின்றது. அம்மாவும் நானும் டிவியைப் போடவே இல்லை.

அம்மாவுக்குத் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் சொல்கிறேன். இறால் கழற்றிப்போட்ட சட்டையைச் செத்த உடம்பென்று நினைத்து அழுதவர் அவர். சட்டை உரித்த இறால் உடம்பு இறுகும்வரை ஒளிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு, அந்த நாட்களில் விருந்தாளிகளைக் கூடத் தொட்டிப் பக்கம் விடுவதில்லை.

எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். தொட்டி விளக்கு இரவு எட்டு மணிவரை எரியும். முட்டை பொரிவதற்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
குமாரசாமிப்பேட்டையிலிருந்து உங்கள் தம்பி