தலையாட்டாத தலையாட்டி பொம்மை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிவழி மெய்நிகர் உலகங்களில் நம் பிள்ளைகள் உருவாக்கும் கலைப்படைப்புகளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடும் போக்கு குறித்து, முப்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் படித்த மாணவி ஒருவர், மன்னார்குடி அருகே நடவு வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர், பலரும் இணையவழி நுழைந்து உலவும் செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகில் இருபதடி உயரத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றை நிறுவியிருக்கிறார். நாட்டியப் பெண்ணின் பட்டும் நகையும் அதற்கு இல்லை. வயலில் இறங்கும் நம் பெண்களைப் போலவே, புடவையின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக நிற்கிறது. நாம் நெருங்கினால் இடை அசைகிறது, கை அசைகிறது. தலை மட்டும் ஆடுவதில்லை. பின்சுவர் முழுக்க யூரியா மூட்டைகள், ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும் வெவ்வேறு நிறத்தில். கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வரப்பில் நின்று அப்பெண்களை அழைக்கும் "ஏ புள்ள", "இந்தாம்மா", "கீழத்தெரு ஆளு" என்ற சொற்கள் அச்சிடப்பட்டுள்ளன. திரையில் இதைப் பார்த்த அவருடைய பாட்டி, "எல்லாம் சரிதான், காலுல சேறு எங்கடி?" என்று கேட்டாராம். சேற்றை முழங்கால்வரை சேர்க்க மாணவிக்கு மேலும் ஒரு வாரம் பிடித்தது.

ஓவியப் போட்டி ஒன்றுக்கு இதை அனுப்பியபோது, "கம்ப்யூட்டர் கேம்களை ஏற்பதில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

1962இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் கடையில் விற்ற சூப் டப்பாக்களை 32 ஓவியங்களாகக் காட்சிக்கு வைத்தார். அன்றாடம் புழங்கும் பொருளிலேயே ஒரு சமூகத்தின் முகத்தைக் காட்டும் அந்தப் பாப் கலை மரபில்தான் இந்த யூரியா மூட்டையும் வருகிறது. செகண்ட் லைஃப் 2003இல் தொடங்கியது. சீனக் கலைஞர் சாவ் ஃபெய் 2007 முதல் 2011 வரை அதனுள் ஆர்எம்பி சிட்டி என்ற நகரையே எழுப்பி, கிரேனில் தொங்கும் தொலைக்காட்சி நிலையக் கட்டடம் போன்ற காட்சிகளால் தம் நாட்டின் மாற்றங்களைப் பேசினார். அந்த உலகில் நுழைபவர் எவரும் அவதார் என்னும் உருவம் ஒன்றை ஏற்றாக வேண்டும். தோலின் நிறம் முதல் உடை வரை தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டு வந்த ஒருவர், சொந்தப் பெயரால்கூட அழைக்கப்படாத பெண்ணின் முன் அந்த உருவத்தோடு நிற்க நேரும் அனுபவத்தைச் சட்டமிட்ட ஓவியத்தால் தர இயலாது என்பதே என் கருத்து.

ஆகவே, தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஓவியக் கண்காட்சி நடத்துவோர், ஒரு கணினியையும் திரையையும் வைத்து இத்தகைய படைப்புகளுக்கும் இடமளிக்க வேண்டுகிறேன். மெய்நிகர் உலகை நடத்தும் நிறுவனம் சர்வரை நிறுத்திவிட்டால் படைப்பும் மறைந்துவிடும் என்பதால், அவற்றை வீடியோவாகப் பதிவுசெய்து பாதுகாக்கும் பொறுப்பை நம் கவின் கலைக் கல்லூரிகள் ஏற்க முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
மன்னார்குடி.