பசு கறக்கும் நேரம்

அன்புள்ள தம்பி,

உன் மெயில் வந்தது. ஆராய்ச்சிப் பிரிவு கேட்டவனைக் கதிரியக்கப் பொருள் உற்பத்திப் பிரிவில் போட்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். "வாரா வாரம் அதே மாலிப்டினம்தான் அம்மா" என்ற அந்த வரி மனசை விட்டுப் போகவில்லை. நீ அனுப்பும் பொருள் போய்ச் சேரும் இடத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்றவள் நான்.

அணு மருத்துவப் பிரிவில் விடிந்ததும் முதல் வேலை ஜெனரேட்டர், மின்சாரம் தருவதல்ல, ஸ்கேன் மருந்து தருவது. அதைப் 'பசு' என்றுதான் சொல்வோம். ஈயக் கவசத்துக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதில் அலுமினாத் தூள், தூளில் ஒட்டியபடி உங்கள் கதிரியக்க மாலிப்டினம்-99. அது சிதைந்து டெக்னீசியம் ஆகும், ஸ்கேனுக்கு ஊசியில் போடுவது அதைத்தான். ஒரு பக்கம் உப்புநீர். மறுபக்கம் காற்று நீக்கிய காலிக் குப்பியைக் குத்தியதும், உப்புநீர் தூள் வழியாக இழுபட்டு டெக்னீசியத்தை மட்டும் கழுவிக்கொண்டு வரும். கடைசியில் குமிழி விடும் சத்தம் கேட்டால் கறந்தாயிற்று. பார்த்தால் வெறும் தண்ணீர். மாலிப்டினம் கலந்துவிட்டதா என்று சோதிக்காமல் அதிலிருந்து ஓர் ஊசிகூட நான் போட்டதில்லை.

மாலிப்டினத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 66 மணி; டெக்னீசியத்துக்கு 6 மணி. மூட்டை கட்டி வைக்கிற சரக்கா இது? உங்கள் பக்கம் ஒரு மணி நேரம் தாமதமானால் நூற்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

2009 மே மாதம் கனடாவில் ஒரு பெரிய அணு உலை கனநீர்க் கசிவால் நின்றது. திரும்ப ஓட 15 மாதம் ஆயிற்று. உலகத்தில் இந்த மாலிப்டினத்தைத் தருகிற உலைகளே விரல்விட்டு எண்ணக்கூடியவை, பெரும்பாலும் வயதானவை. எங்களுக்கு ஜெனரேட்டர் வருவது தடுமாறியது. இதய ஸ்கேனுக்குத் தாலியம்-201 வைத்துச் சமாளித்தோம், படம் அவ்வளவு தெளிவாக வராது. எலும்பு ஸ்கேனுக்கு ஒரு பெரியவர் காத்திருந்தார். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் அவர் பெயரை மூன்று தடவை அழித்து அடுத்த வாரத்தில் எழுதினேன். மூன்றாவது தடவை அவர் கோபப்படவே இல்லை. "மருந்து வந்ததும் சொல்லும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அப்போது எங்கோ ஒருவன் அதே பழைய வேலையைச் சரியாகச் செய்து ஒரு பெட்டி அனுப்பமாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன்.

சரி, ஆராய்ச்சி வேண்டுமென்றால் அது நீ கதிரியக்கப் பொருளைக் கையாளும் கவச அறைக்குள்ளேயே, உன் ஹாட் செல்லுக்குள்ளேயே, இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைக்குத் தரும் லுட்டீசியம்-177ஐயே எடுத்துக்கொள். லுட்டீசியம்-176ஐ உலையில் வைத்து நேராகச் செய்தால், கூடவே 160 நாள் அரை ஆயுள் கொண்ட லுட்டீசியம்-177எம் கொஞ்சம் வந்துவிடும். நோயாளியின் சிறுநீர்க் கழிவு வரை அது தொடர்ந்து வந்து எங்களுக்குத் தலைவலி கொடுக்கும். இட்டெர்பியம்-176 வழியாகச் செய்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பிரித்தெடுப்பது கடினம். அதை யார் எளிதாக்கப் போகிறார்கள்? தினமும் கையால் பிரிப்பவன்தான்.

அப்புறம், கதிரியக்க மூலங்களின் கணக்கு எழுதுவது அலுப்பாக இருக்கிறது என்றாயே, அதில் மட்டும் சலிப்புக் காட்டாதே. 1987-ல் பிரேசிலின் கோயானியாவில், கைவிட்ட மருத்துவமனைக் கட்டடத்தில் கிடந்த சீசியம்-137 மூலத்தைப் பழைய இரும்பு என்று பிரித்துவிட்டார்கள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுக் குழந்தை. வெல்டிங் சோதிக்கும் இரிடியமோ கிருமி நீக்கும் கோபால்ட்டோ, எது எங்கே இருக்கிறது என்று ஒருவர் எழுதி வைத்தே ஆக வேண்டும்.

ஈயக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து அந்த இயந்திரக் கைகளை ஆட்டுவது பழகிவிட்டதா? விரலில் படும் கதிர்வீச்சை அளக்கும் மோதிர டோசிமீட்டரைக் கையுறைக்குள் போட மறக்காதே. போன மாத அளவு வந்ததும் எண்ணை அப்படியே எழுது, குறைத்துச் சொல்லாதே.

அம்மா