எஞ்சின் நெற்றியில் இருக்கும் எண்

ஆசிரியருக்கு வணக்கம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் ரயிலைப் பற்றி வருடா வருடம் எழுதுகிறோம். எஞ்சின் எண்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் காட்பாடியில் இரண்டு ரயில் கம்பெனிகள் சந்தித்தன. சென்னை–ஜோலார்பேட்டை அகலப்பாதை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டாவுடையது. வேலூர் கன்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் போன மீட்டர்கேஜ் என்ற குறுகலான பாதை தென்னிந்திய ரயில்வேயுடையது. எஞ்சினுக்கு எண் போடுவதும் அவரவர் கணக்குத்தான். 1944-இல் இரண்டையும் அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-இல் மைசூர் ரயில்வேயையும் சேர்த்துத் தெற்கு ரயில்வே பிறந்தது. ஆனாலும் பழைய கம்பெனி எண்கள் உடனே போய்விடவில்லை. நீராவி எஞ்சின்களுக்கு நாடு முழுக்க ஒரே எண் வரிசை வந்தது 1957-இல்தான். ஒரே எண்ணில் இரண்டு எஞ்சின் என்ற குழப்பம் அதோடு ஒழிந்தது.

அந்த வரிசையில் மீட்டர்கேஜ் ‘ஒய்பி’ வகை நீராவி எஞ்சின்களுக்கு 2000 என்ற எண்ணிலிருந்து தொடங்கியது. ‘ஒய்’ மீட்டர்கேஜ், ‘பி’ பயணிகள் வண்டி. இன்று காட்பாடிக்கு வரும் டபிள்யூஏபி-7 மின்சார எஞ்சினின் பெயரில் முதலில் நிற்கும் ‘டபிள்யூ’, நீராவிக் காலத்திலேயே அகலப்பாதைக்கு வைத்த எழுத்து!

இதையெல்லாம் சொல்லும் ஒரு பலகையைக் காட்பாடி பிளாட்பாரத்தில் வைக்கலாமே? இத்தனை விளம்பரங்களுக்கு இடமிருக்கிறது.

– ஒரு வாசகர், காட்பாடி