மண்ணும் பார்சலும்: நம் குயவர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் மூத்தவர்களுக்கும், காலையில் விறகு அடுக்கிவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். நிர்வாகக் குழு மாதாமாதம் கூடியது. பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர் வந்த மாதம் மட்டும் யாரும் வரவில்லை, நான் உட்பட.

போன பொதுக்குழுவில் முடிவு செய்தபடி நம் சட்டி பானைகளை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் கேட்டலாகிலும் போட ஆரம்பித்தோம். முதலில் சட்டியைத் துடைத்து, புதுத் துணி விரித்து, கல்யாணப் பெண் மாதிரி உட்கார வைத்துப் படம் எடுத்தோம். பார்த்தவர்கள் இதயம் போட்டார்கள், சட்டி வாங்கவில்லை. அப்புறம் ஒரு நாள் நம் பெரியம்மா ஒருவர் சட்டிக்கு அடி தட்டுவதை அவருடைய பேரன் சும்மா எடுத்துப் போட்டான். உள்ளே இடது கையில் கல், வெளியே வலது கையில் பலகை. சக்கரத்திலிருந்து அறுத்தபோது ஓட்டையாக இருந்த அடி, தட்டத் தட்ட மூடிக்கொண்டு உருண்டு வருகிறது. முகம்கூடத் தெரியாது, கையும் சத்தமும்தான். கோவை, திருச்சூர், பெங்களூரு என்று போன் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பெரியம்மாவுக்கு இன்னும் அந்த வீடியோ பிடிக்கவில்லை. பழைய சேலையில் இருந்தாராம்.

சந்தையில் நம்மிடம் வருகிறவர் "நாலு பேருக்கு மீன் குழம்பு வைக்கிற சட்டி" என்பார், கையால் அளவு காட்டுவார், முடிந்தது. போனில் வருகிறவருக்கு லிட்டர் வேண்டும், அங்குலம் வேண்டும். நம் மண் காய்ந்து வெந்து முடிக்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 8 அங்குலச் சட்டி கேட்டால் சக்கரத்தில் 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வனைய வேண்டும். இதைக் கண்ணளவில் செய்து பழகிய நமக்கு ஸ்கேல் பிடிக்கக் கூச்சமாக இருந்தது. இப்போது அளவு குறித்த குச்சி ஒன்று ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் இருக்கிறது.

பார்சல் விஷயத்தில் நிறைய அடி வாங்கினோம். முதலில் அனுப்பிய பெட்டியில் இருந்த சட்டிகளில் பாதி ஓடாகப் போய்ச் சேர்ந்தன. சட்டிக்குள் சட்டி வைத்து நடுவில் வைக்கோல் திணித்து, பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்த பிறகுதான் உடைவது குறைந்தது. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ. கணக்கில் பெருக்கி 5000 ஆல் வகுக்கிறார்கள். 40க்கு 40க்கு 30 பெட்டி என்றால் 9.6 கிலோ. உள்ளே இருக்கிற பானை 3 கிலோதான்! காற்றுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறோம். பெரிய பானையை இனி நேரில் வருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

சொல்லாமல் விட முடியாத ஒன்று. ஜனவரியில் ஒரு பெரிய ஆர்டர், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள். சூளை ஆற ஒரு ராத்திரி இன்னும் பாக்கி இருந்தது. நான்தான் பிரிக்கச் சொன்னேன். அந்த மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கனல் இருக்க, கிழக்குப் பக்கத்து ஓடுகளை எடுத்ததும் காற்று புகுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே டிங், டிங் என்று சத்தம். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல் முட்டியால் தட்டினால் கணீர் என்று வர வேண்டியது டப் என்றது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 573 டிகிரியைத் தாண்டி ஆறும்போது சட்டென்று சுருங்கும், அந்த இடத்தை மெதுவாகக் கடக்க விட வேண்டும் என்று நம் பையன் ஒருவன் படித்துச் சொன்னான். தாத்தா அதையே "சூளை தானா மூச்சு விடட்டும்" என்று முப்பது வருஷமாகச் சொல்கிறார். அந்த நஷ்டத்தில் என் பங்கை நான் கட்டிவிட்டேன்.

பண்டிகை வியாபாரம் கலவையாக இருந்தது. வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு கேரள அரசு ஓணம் வாரக் கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டதால், ஓணத்துக்கு வீட்டில் வைக்கும் ஓணத்தப்பன் மண் உருவம் குறைவாகவே போனது. அதைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. கார்த்திகை அகல், தைப் பொங்கல் பானை சுமார். மார்ச் 13 திருவனந்தபுரம் ஆற்றுக்கால் கோயில் பொங்காலைக்குப் பானை கேட்டு வந்த வியாபாரிக்கு, கேட்டதில் பாதிதான் கொடுக்க முடிந்தது.

காரணம் மண். வாங்க ஆள் இருக்கிறது, வனையக் கை இருக்கிறது, மண் இல்லை. கேரளத்தில் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வயலில் மண் எடுப்பது லேசில்லை. சட்டம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வயல் போனால் நமக்கும் சோறு இல்லை. ஆனால் ஜேசிபி வைத்து அள்ளுகிறவனையும் வருஷத்துக்கு நாலு வண்டி மண் கேட்கும் குயவனையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து தாசில்தார் அனுமதியோடு ஏரி, குளத்து மண் இலவசமாகக் கிடைக்கிறது. அது தமிழ்நாட்டு ஆட்களுக்கு. செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் நாம் தமிழ் பேசினாலும் ரேஷன் கார்டு கேரளம்தான். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் பதிந்தவர்கள் 15,000 ரூபாய்க்குக் கருவி வாங்கிக்கொள்ளலாம், சரி. புதுச் சக்கரத்தில் எதை வைத்துச் சுற்றுவது?

நம் வீடியோவை எடுத்துத் தன் நம்பரைப் போட்டு விற்ற ஒரு பக்கத்தின் மேல் புகார் கொடுத்தோம், நீக்கிவிட்டார்கள். அந்த ஆளிடம் வாங்கி ஏமாந்த ஒரு அம்மா நம்மைத் திட்டிப் பேசினார். பேசி முடித்ததும் இரண்டு சட்டி ஆர்டர் கொடுத்தார்.

பொதுக்குழு முடிவுக்கு இரண்டு விஷயம் வைக்கிறேன். சூளை பிரித்துத் தட்டிப் பார்க்காத எந்தச் சட்டிக்கும் முன்பணம் வாங்கக் கூடாது. மண் எடுக்க நமக்குத் தனி அனுமதி கேட்டுக் கலெக்டருக்குக் கொடுக்கும் மனு, தமிழிலும் மலையாளத்திலும் தயாராக இருக்கிறது. கொட்டகையில் உள்ள மண் ஓணத்தைத் தாண்டாது. மனுவில் கையெழுத்துப் போடாதவர்கள், கையில் மண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, வாசலில் மேஜையில் போட்டுவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்