செல்விக்கு, தொழுவத்துக்குக் கரண்ட் இழுப்பது பற்றி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய போட்டோவைப் பார்த்தேன், ஹாஸ்டலில் முதல் நாள் டிரங்குப் பெட்டியோடு வந்து நின்ற உன் முகமேதான். உன் முட்டி வலி, மகன் வேலை மாறியது, எல்லாவற்றுக்கும் அடுத்த கடிதத்தில் சாவகாசமாக எழுதுகிறேன். இப்போது உடனே உட்கார்ந்து எழுதுவது நீ கடைசியில் எழுதியிருந்த ஒரு வரிக்காக. வீட்டுக்குப் பின்னால் நூறு அடி தள்ளிப் புதுத் தொழுவம் கட்டுவதாகவும், ஒரே ஒரு பல்புதானே, அடுப்படி பிளக்கிலிருந்து ஒயரை இழுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல், வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. கட்டுத்தரை கட்டிய வருடம் ஒரு விசேஷத்துக்காக, ரெண்டு நாளைக்குத்தான் என்று சொல்லி, ஜன்னல் வழியாக ஒரு ஒயரை எடுத்து, முருங்கை மரத்தில் ஒரு கட்டு, துணி காயப்போடும் கம்பிக்கு மேலே ஒரு கட்டு என்று கொண்டுபோய் பல்பு போட்டோம். ரெண்டு நாள் ஏழு வருடமாகிவிட்டது. பல்பு போட்ட இடத்துக்கு மாட்டுக்கு ஒரு ஃபேன் வந்தது, அப்புறம் 2 ஹெச்பி புல் வெட்டும் மிஷினும் வந்தது. ஒயர் மட்டும் அதே ஒயர்.

போன ஐப்பசி மழையில் எங்கள் செவலை தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டாள். கன்று போட்டு மூன்று மாதம்தான், நல்லாக் கறந்துகொண்டிருந்தவள். தொட்டிக்குப் பக்கத்தில் போவாள், கழுத்தை நீட்டுவாள், நாக்கு தண்ணீரில் பட்டதும் வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்துவிடுவாள். கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள், தாகம் பொறுக்காமல் திரும்பப் போவாள், திரும்பவும் அதே மாதிரி. பால் பாதியாகக் குறைந்தது. டாக்டர் வந்து வாய், நாக்கு எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். மூன்றாம் நாள் காலையில் தொட்டியைக் கழுவலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தொட்டிக்கு வரும் இரும்புப் பைப்பைப் பிடித்தேன், விரலிலிருந்து முழங்கை வரை சுர்ரென்று ஏறியது. கையை உதறிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மூன்று நாளாக அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறமாட்டேன் என்கிறது செல்வி.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். பைப்புக்கும் தரைக்கும் நடுவில் 12 வோல்ட். ஒயர் கூரைத் தகரத்தின் விளிம்பில் உரசி உரசி மேல்தோல் கிழிந்திருக்கிறது, மழை ஈரத்தில் தகரத்துக்குக் கசிவு, தகரத்திலிருந்து இரும்புக் கம்பம், கம்பத்தில் கட்டியிருந்த பைப், பைப்பிலிருந்து தண்ணீர். மாட்டுக்கு இதில் ரெட்டை ஆபத்து. ஈரத் தரையில் நாலு காலும் வெறுங்கால், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் ஐந்தடி, அதனால் தரையில் கரண்ட் பரவினால் அந்த ரெண்டு கால்களுக்கு நடுவிலேயே வோல்டேஜ் வித்தியாசம் வந்து, நெஞ்சு வழியாகவே கரண்ட் ஓடிவிடும். மனிதருக்கு உறைக்காத நாலைந்து வோல்ட்டுக்கே மாடு தண்ணீர்த் தொட்டியை விட்டு ஒதுங்கும், பால் குறையும் என்றார்.

கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழும் சுவிட்சு, எம்சிபி, இருந்ததே, ஏன் ட்ரிப் ஆகவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை நீ அண்ணனுக்கு வார்த்தை மாறாமல் படித்துக் காட்ட வேண்டும். அந்தக் கம்பம் வழியாக மண்ணுக்குள் போனது அரை ஆம்பியர்கூட இருக்காது, 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது யாரோ ஒரு பல்பு எரிப்பது மாதிரிதான் தெரியும். எம்சிபி ஒயரைக் காப்பாற்றத்தான், உயிரைக் காப்பாற்ற ஆர்சிசிபி வேண்டும். நம் ஊர்ப் பக்கம் இஎல்சிபி என்று கேட்டாலும் கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள் கட் பண்ணிவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பார், 100, 300 என்றும் உண்டு, அதை மட்டும் நம்பி மாடு கட்ட முடியாது. அதில் டி என்று ஒரு பட்டன் இருக்கும். நான் மாதம் ஒரு தடவை, சீட்டுப் பணம் கட்டும் நாளில், அதை அழுத்திப் பார்த்துவிடுவேன். டப்பென்று விழ வேண்டும்.

சரி, புதுசாக என்ன செய்தோம் என்று சொல்கிறேன். கிணற்று மோட்டார் சர்வீஸ் கட்டுத்தரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதிலிருந்து எடுத்தால் என்ன என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். அது தண்ணீர் இறைக்கக் கொடுத்த இலவசக் கரண்ட், அதிலிருந்து எடுக்கமாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டார். அதனால் வீட்டு மெயின் போர்டிலிருந்தே தனி எம்சிபி போட்டு, மண்ணுக்கடியில் மூன்று கோர், அதாவது உள்ளே மூன்று ஒயர் உள்ள ஆர்மர்டு கேபிள், 6 சதுர மில்லிமீட்டர் தடிமன் செம்பு. இரும்புக் கம்பி சுற்றிய கேபிள் அது. வெறும் பிளாஸ்டிக் பைப்பில் ஒயரை விட்டால் பெருச்சாளி கடித்துவிடும், எங்கள் தோட்டத்தில் அது ஏராளம்.

இவ்வளவு தடிமன் எதற்கு என்று நானும் கேட்டேன். எங்களுக்கு 45 மீட்டர் தூரம், போக வர 90 மீட்டர். பழைய 1.5 சதுர மில்லி ஒயரில் மிஷின் ஓடும்போது 12 ஆம்பியர் இழுத்தால் 13 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஸ்டார்ட் ஆகும்போது ஐந்து மடங்கு இழுத்தால் 60 வோல்ட்டுக்கு மேல் போகும். சாயங்காலம் மிஷின் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றதற்கும், ரெண்டு தடவை கெப்பாசிட்டர் போனதற்கும் காரணம் அதுதானாம். 6 சதுர மில்லியில் ஓடும்போது மூன்று வோல்ட் சொச்சம்தான் குறைகிறது. செம்பு விலை கட்டாது என்றால் 10 சதுர மில்லி அலுமினியம் அதற்குச் சமம், ஆனால் ரெண்டு முனையிலும் லக்கு என்கிற உலோக மூடியை வைத்து அமுக்கி நல்லா முறுக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அலுமினியம் தளர்ந்தால் சூடேறும்.

குழி ரெண்டரை அடி ஆழம். என் பையனும் ரெண்டு ஆட்களும் ஒன்றரை நாள் தோண்டினார்கள், தென்னை வேர் அவ்வளவு. அடியில் மணல், அதன் மேல் கேபிள், மறுபடி மணல், மேலே செங்கல் வரிசையாக, அதற்கு மேல் எச்சரிக்கை டேப். மூடும் முன் மெக்கர் என்கிற, கேபிளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டரை வைத்து டெஸ்ட் பண்ணச் சொல், மூடிய பிறகு கோளாறு தெரிந்தால் திரும்பவும் தோண்ட வேண்டும். கிணற்று மூலையிலிருந்து எத்தனை அடியில் கேபிள் போகிறது என்று டேப் பிடித்துப் போட்டோ எடுத்துவைத்தேன். நாளைக்கு யாராவது வாழை நட மண்வெட்டி போடுவார்கள் இல்லையா.

கட்டுத்தரைக்கென்று தனி எர்த் குழியும் போட்டோம், துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய பத்தடி ஜிஐ இரும்புப் பைப், கரி, உப்பு. மாடு கட்டும் இடத்திலிருந்து நல்லாத் தள்ளிப் போடச் சொல், கசிவு வரும் நேரத்தில் குழியைச் சுற்றியுள்ள மண்ணிலேயே வோல்டேஜ் இருக்கும். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்புறம் கூரை, கம்பம், பைப், தொட்டி விளிம்பு, எல்லா இரும்பையும் ஜிஐ பட்டையால் ஒன்றாகச் சேர்த்து அந்த எர்த்தில் கட்டினார். அங்குள்ள பெட்டியில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துப் போடும் ஆள் உண்டு, அப்படிச் சேர்க்க மட்டும் விடாதே, சேர்த்தால் ஆர்சிசிபி நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும், கடைசியில் தொந்தரவென்று அதையே கழற்றிவிடுவார்கள்.

உனக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, எனக்குக் கிடைக்காதது. உங்கள் தரைக்கு இன்னும் கான்கிரீட் போடவில்லை என்றாய். போடும் முன் கம்பி வலை விரித்து, அதன் ஒரு முனையைக் கம்பத்தோடு பற்றவைத்து எர்த்தில் சேர்த்துவிடுங்கள். தரையும் தொட்டியும் ஒரே வோல்டேஜில் இருந்தால் மாட்டுக்கு உறைக்காது. எங்கள் தரையை உடைக்க வேண்டும் என்பதால் நான் விட்டுவிட்டேன், அந்தக் குறை மனசில் இருக்கிறது.

எங்களுக்கு எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது. செவலையை அதைவிடக் கூட விலைக்குத்தான் வாங்கினோம். இணைப்புக் கொடுத்த அன்று சாயங்காலம் தொட்டியை நிரப்பிவிட்டு நான் தூரமாக நின்றுகொண்டேன். அவள் வந்து முதலில் மூக்கை மட்டும் வைத்தாள், இழுத்துக்கொண்டாள், ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து திரும்பவும் வைத்தாள். அப்புறம் தலையைத் தூக்காமல் குடித்தாள்.

அண்ணனிடம் வீட்டிலிருந்து தொழுவத்துக்குச் சரியாக அளந்தால் எத்தனை மீட்டர், என்ன மிஷின் எல்லாம் வரப்போகிறது என்று கேட்டு எழுது. தம்பியிடம் காட்டிக் கேபிள் அளவு கேட்டுச் சொல்கிறேன். அதுவரை அந்தப் பல்பை மாட்டாதே, சார்ஜ் லைட் வைத்துக் கறந்துகொள்.

அன்புடன்
சரசு