கிடை போட்ட வயலின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. மன்னார்குடிப் பக்கம், மோட்டார் கொட்டகையை ஒட்டிய உங்கள் வயலில், 2020 பிப்ரவரியில் சம்பா அறுத்த பிறகு எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தோம். அங்கே குட்டிகளைப் பார்த்துக்கொண்ட பையன் நான்தான்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப்போட்டது. தேங்காய் உரிக்கும் அப்பாவுக்கு வேலையே இல்லை. கடன் முற்றி, முன்பணம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக ஆடுகளை ஓட்டிச்சென்று கிடை போடும் ஒரு கீதாரியிடம் என்னை விட்டார். அப்போது எனக்கு 11 வயது. குட்டி தொலைந்தால் அடி. ஓராண்டு ஊர் ஊராக நடந்தேன்.

நீங்கள் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டீர்கள். முள் குத்திச் சீழ் வைத்த என் கணுக்காலுக்கு மஞ்சள் அரைத்துக் கட்டினீர்கள். இரண்டாம் நாள் அதிகாரிகள் வந்தார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தது யார் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள்தான். அந்த ஓராண்டில் என்னிடம் அப்படிக் கேட்டவர் வேறு ஒருவருமில்லை. கிடை பாதியில் கலைந்தால் வயலுக்குக் கிடைக்க வேண்டிய எருவும் இல்லாமல் போகும், ஊரில் பேச்சும் வரும் என்று தெரிந்தே செய்தீர்கள்.

கோட்டாட்சியர் ஐயாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். விடுதலைச் சான்றிதழைக் கொடுத்ததோடு அவர் எழுந்துவிடவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்களே என்று நடுங்கிய அப்பாவை எதிரில் உட்காரவைத்து, 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது என்று மூன்று முறை விளக்கினார். ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. பிள்ளையை விற்றவன் என்று ஊரே ஏசிய நாட்களில், அப்பா தலை நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த அறையில் மட்டும்தான். உடனடி உதவியாகக் கிடைத்த 20,000 ரூபாயில் மளிகைக்கடைப் பாக்கியையும் வட்டியையும் அடைத்தோம்.

காப்பகத்து அக்கா, கூரைக்கடியில் எனக்குத் தூக்கம் வராது என்பதைப் புரிந்துகொண்டு தாழ்வாரத்தில் பாய் விரித்தீர்கள். நள்ளிரவில் எழுந்து குட்டிகளை எண்ணத் தொடங்குவேன். நீங்களும் விழித்து உட்கார்ந்து, எண்ணி முடியும்வரை காத்திருப்பீர்கள். என்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரக் கூச்சப்பட்டபோது, மாலையில் தனியாகப் பாடம் சொல்லித்தந்த கணக்கு ஆசிரியருக்கும் என் வணக்கம்.

அம்மா, நான் இப்போது ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கிறேன். அறுவடை முடிந்ததும் உங்கள் ஊருக்கு வருவேன். வளர்ந்துவிட்டதால் முகம் பிடிபடாது. இடது கணுக்காலில் தழும்பு இருக்கிறது, காட்டுகிறேன்.