சேகருக்கு: பீட் ஹாப்பனிங்கின் முதல் கேசட்டுகள் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே பேப்பர் எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

வருண் நண்பர்களோடு சேர்ந்து பாட்டுக் கட்டுகிறான், ஆனால் நல்ல மைக்கும் ஸ்டுடியோவும் கிடைக்காமல் எதையும் பதிவு செய்யமாட்டேன் என்கிறான் என்று எழுதியிருந்தாய். அவனை பீட் ஹாப்பனிங் குழுவின் ஆரம்பகாலப் பாட்டுகளைக் கேட்கச் சொல். நீயும் கூட உட்கார்ந்து கேள்.

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியா என்ற சின்ன ஊர், அங்கேதான் இந்தக் குழு உருவானது. கால்வின் ஜான்சன், ஹெதர் லூயிஸ், பிரெட் லன்ஸ்ஃபோர்ட் என்று மூன்றே பேர். ஒரு கிட்டார், கொஞ்சம் டிரம், ஒரு குரல், அவ்வளவுதான். அடியில் கனமான ஒலி தரும் பேஸ் கிட்டாரே கிடையாது. இன்னாருக்கு இன்ன வாத்தியம் என்ற கணக்கும் இல்லை, பாட்டுக்குப் பாட்டு மாற்றிக்கொள்வார்கள். கச்சேரிக்குப் போன இடத்தில் வேறு குழுவிடம் டிரம் இரவல் வாங்கி வாசிப்பார்கள்.

கால்வின் 1982இல் கே ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஒரு இசை வெளியீட்டு நிறுவனம் தொடங்கியிருந்தார். அதன் முதல் கேசட்டில் வாசித்த சுப்ரீம் கூல் பீயிங்ஸ் குழுவில் டிரம் ஹெதர்தான். 1984இல் மூவரும் ஜப்பானுக்குப் போனார்கள், அங்கேயே 'த்ரீ டீ பிரேக்ஃபாஸ்ட்' கேசட்டைப் பதிவு செய்தார்கள். ஷோனென் நைஃப் என்ற ஒசாகா பெண்கள் குழுவின் கேசட்டை அடுத்த வருஷமே கே அமெரிக்காவில் வெளியிட்டது. யாராவது வந்து அழைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை சேகர், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

முதல் ஆல்பம் 1985இல் வந்தது. போர்ட்லண்டின் வைப்பர்ஸ் குழுவைச் சேர்ந்த கிரெக் சேஜ் பதிவில் உதவினார். 'அவர் சீக்ரெட்' பாட்டிலிருந்து ஆரம்பி. கிட்டார் ஒரே சின்ன வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். கால்வினுடைய கட்டைக்குரல் சுருதியை விட்டு அங்கங்கே நழுவும், ஆனாலும் பேஸ் விட்டுப்போன இடத்தை அந்தக் குரலே நிரப்பிவிடும். இன்னொரு வாத்தியம் சேர்த்திருந்தால் அதற்கு உட்கார இடமே இருந்திருக்காது. ஹெதர் பாடும் 'ஃபாகி ஐஸ்' வேறு மாதிரி. அலங்காரம் எதுவும் இல்லாமல், பக்கத்து அறையில் தனக்குத்தானே பாடுவதுபோல் பாடுகிறார். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

கரகரப்பாகப் பதிவு செய்ததாலேயே இவை உயர்ந்தவை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மெட்டு உறுதியாக இருக்கிறது, அதனால் பதிவின் குறை காதில் உறுத்துவதில்லை. மெட்டு சோடையாக இருந்தால் எந்த ஸ்டுடியோவும் காப்பாற்றாது. வருணிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்.

1988இல் வந்த 'ஜாம்போரி' ஆல்பம் ஒலியில் இன்னும் கனமானது. 'இண்டியன் சம்மர்' அதில்தான் இருக்கிறது, பிறகு லூனா குழுவும் அதைப் பாடியது. நிர்வாணா என்ற பிரபல ராக் குழுவின் கர்ட் கோபெய்ன் கே ரெக்கார்ட்ஸ் சின்னத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டிருந்தார். பீட் ஹாப்பனிங் மூவரும் போட்ட சத்தம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பார். ஆனாலும் நான் திரும்பப் போவது முதல் கேசட்டுகளுக்குத்தான். அவற்றைத் தேடி அலைய வேண்டாம், '1983-85' என்ற தொகுப்பில் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வருண் போனிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பட்டும். டிரம் இல்லாவிட்டால் மேஜையைத் தட்டட்டும். முழுக்கக் கேட்டுவிட்டு, எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே மெட்டு தளர்கிறது என்று அவனுக்கே தனியாக எழுதுகிறேன்.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. பொங்கலுக்கு மூன்று பேரும் இங்கே வாருங்கள். ரயில் டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ரவி